ஐந்தாவது கை

பிப்ரவரி 2

தம்பிக்கு,

இன்று காலை கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, உன் வேனில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தது. மருந்துக்கடைக்காரர் நம் தெருவின் குறுக்கே பேனர் கட்டியிருக்கிறார். 'இலவச ரத்த அழுத்தப் பரிசோதனை, அனைவரும் வருக.' ஒரு முனை எதிர்வீட்டு மாடிக் கம்பியில். மறுமுனை உன் வேனின் பக்கக் கண்ணாடியில். முடிச்சு கல் மாதிரி இறுகியிருந்தது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். பேனர் சரிந்து தரையில் விழுந்தபோது பரிசோதனை எனக்குத்தான் தேவைப்பட்டது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, இனி எதுவானாலும் எழுதிச் சொல் என்றாய். சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதவைத்தது உன் வேன்.

அம்மா இறந்த மாதம் அதை வாசலில் நிறுத்திவிட்டு ரயிலேறிப் போனாய். மூன்று வருடம். நான்கு டயரும் படுத்துவிட்டன. பின்கதவு வழியாக ஒரு பூனை உள்ளே போய்க் குடித்தனம் நடத்துகிறது. இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இனி கேட்பார்கள். பதினேழாம் தேதி நகர்மன்றக் கூட்டத்தில் வாகன அனுமதிச் சீட்டு விஷயம் வருகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு, ஒரு சீட்டுக்கு ஒரு வண்டி. சீட்டு ஒட்டாமல் தெருவில் நிற்கிற வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் சின்னக் கார் ஒன்று இருக்கிறது. உன் வேனை என்ன செய்வது என்று எழுது.

அதே கூட்டத்தில் பேனருக்கு விதிமுறை, அப்புறம் எல்லைக்கோடு. அடுத்த இருபது வருடத்துக்கு ஊர் எதுவரை வளரலாம் என்று வரைபடத்தில் போடுகிற கோடு. உள்ளே இருக்கும் நிலத்தில் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்கும், குழாய் வரும், தெருவிளக்கு வரும். வெளியே இருப்பது அப்படியே கிடக்க வேண்டியதுதான். கோடு வாய்க்காலோடு நிற்பதா, புறவழிச்சாலை வரை போவதா என்பதுதான் பேச்சு. உன் நிலம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என்னால் இதில் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மன்றத்தில் கூட்டத்தின் மினிட்ஸை, அதாவது நடவடிக்கைக் குறிப்பை, எழுதும் குமாஸ்தா நான். எழுதுகிறவள், பேசுகிறவள் இல்லை. பதினெட்டு வருடத்தில் அந்த ஹாலில் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் எண்கள்தான். தலைவர் "எத்தனை?" என்பார். தூக்கிய கைகளை எண்ணி "ஆறு" என்பேன், "ஏழு" என்பேன். அத்தோடு சரி.

உன் மகள் வாலு எந்த வகுப்பு இப்போது?

அக்கா


பிப்ரவரி 8

மதிப்பிற்குரிய நகராட்சி அம்மையாருக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. எனக்கு உங்கள மாதிரி முத்து முத்தா எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

வேனைத் தொடாதே. அது நான் முதல் சம்பாத்தியத்துல வாங்கினது. டயர் படுத்தா படுத்துட்டுப் போகுது, எஞ்சின் சாகல. பூனையையும் விரட்டாதே, வாடகை வாங்கிக்கோ.

இப்ப கதைக்கு வருவோம். நான் இங்க கப்பல் பழுது பாக்கற பட்டறைல பதினோரு வருஷமா லேத் ஓட்டறேன். காலைல நின்னா சாயங்காலம்தான் உக்காருவேன். முதுகு போச்சு. போன வாரம் கட்டை விரல் நகமும் போச்சு, அதான் எழுத்து இப்படி ஆடுது. எனக்குன்னு ஒரு பட்டறை போடணும், ரெண்டு லேத், ஒரு வெல்டிங் செட், அவ்வளவுதான் ஆசை. நம்ம ஊர்ல மோட்டார் ரிப்பேருக்கு ஒழுங்கா ஒரு ஆள் கிடையாது. என் நிலத்துல ஷெட் போட அனுமதி கேட்டு போன வருஷம் உங்க ஆபீசுக்குத்தான் மனு போட்டேன். 'எல்லைக்கு வெளியே உள்ளதால் பரிசீலிக்க இயலாது.' ரப்பர் ஸ்டாம்ப். அதைக் குத்தினது நீயா இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பாகப் பிரிவினைப் பேப்பரை எழுதினது யாரு? நீதான். வீடு உனக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிலம் எனக்கு. ஊருக்குள்ள நீ, ஊருக்கு வெளிய நான். நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். நீ எழுதின எந்தக் காகிதமும் எனக்குச் சாதகமா இருந்ததில்ல, யோசிச்சுப் பாரு.

தலைவர் காதுல ஒரு வார்த்தை போட்டா நீ என்ன குறைஞ்சா போயிடுவ? 'எழுதுகிறவள், பேசுகிறவள் இல்லை'யாம். நல்லா வசதியா ஒரு வேலை பிடிச்சிருக்க.

வாலு நாலாவது. நேத்து என் தோள் வழியா எட்டிப் பார்த்துட்டு "அத்தைக்கு நம்ம மேல கோவமா?"ன்னு கேட்டா. "அத்தைக்குக் கோவம் வராது, மினிட்ஸ்தான் வரும்"னு சொன்னேன். என் வீட்டுக்காரி சிரிச்சுட்டு, "அண்ணிக்கு இதை எழுதாதீங்க"ன்னா. எழுதிட்டேன்.

இப்படிக்கு,
எல்லைக்கு வெளியே


பிப்ரவரி 18

தம்பிக்கு,

உன் மனுவில் ஸ்டாம்ப் குத்தியது நான் இல்லை. அது இரண்டாவது மாடி. நான் முதல் மாடி.

நேற்றுக் கூட்டம் நடந்தது. என்ன முடிவானது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய்.

எங்கள் ஹாலை நீ பார்த்ததில்லை. தலைவரம்மாவோடு சேர்த்து ஒன்பது உறுப்பினர்கள், குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு மேஜை. லாடத்தின் வாயில் தனியாக என் சின்ன மேஜை. என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஃபேன் சுவிட்சு. அதனால் பதவி எதுவானாலும் ஃபேனுக்கு அதிகாரி நான்தான். உறுப்பினர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். காது மந்தம். ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பெழுதி, காகிதங்களை அடுக்கி எதிரில் வைத்துக்கொள்வார். ஃபேன் வேகமானால் அவை பறக்கும். வாய்திறந்து கேட்க மாட்டார். ரயிலை நிறுத்துகிற மாதிரி கையைத் தூக்குவார். நான் திரும்பாமலே பின்னால் கையை நீட்டிக் குறைப்பேன். ஆறு வருடமாக எங்களுக்குள் இதுதான் சம்பாஷணை.

பேனர் விஷயத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரரும் உறுப்பினர் அல்லவா.

"ஜனங்க உடம்பு நல்லா இருக்கணும்னு பேனர் வெச்சேன். அதைக் கீழ தள்ளிட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார், என்னைப் பார்க்காமல்.

"உங்க கடை முன்னாடி கட்டின பேனர் சிக்னலை மறைக்குது சார்," என்றார் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் இன்னொரு உறுப்பினர் அம்மா. "எங்கிட்ட கத்துக்க வர்ற பிள்ளைங்க சிவப்புக்கு நிக்காம உங்க கடை வாசல்ல போய் நிக்குது."

"அப்படியாவது கடைக்கு வரட்டுமே!"

அரை மணி நேரம் இப்படி. கடைசியில் பேனர் வைக்கலாம், ஆனால் தெருவின் குறுக்கே கூடாது, ஏழு நாளுக்கு மேல் கூடாது என்று முடிவானது. வாகனச் சீட்டு முன்பு எழுதியபடியே நிறைவேறியது. எல்லைக்கோடு வந்தபோது மணி ஐந்தரை. புழுக்கம். டிரைவிங் ஸ்கூல் அம்மா ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னார், வைத்தேன். தலைவரம்மாவுக்கு வாய்க்காலோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் எண்ணம். "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குழாய் போட நம்மகிட்ட ஆளும் இல்ல, குழாயும் இல்ல," என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் எங்கள் மன்றத்தில் தலைவருக்கு ஓட்டு கிடையாது, இரண்டு பக்கமும் சமமாக வந்தால் தவிர. மற்ற எட்டுப் பேர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடைக்காரர் இன்னும் பேனரை விடவில்லை. டிரைவிங் ஸ்கூல் அம்மாவும் விடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் காகிதங்கள் பறந்துபோய் அந்த அம்மாவின் மடியில் விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"போதும் சண்டை! புறவழிச்சாலை வரைக்கும் கோடு போகணும்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றார் தலைவரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனைம்மா?"

"ஐந்து," என்றேன்.

எட்டில் ஐந்து. உன் நிலம் ஊருக்குள் வந்துவிட்டது.

கூட்டத்தில் எல்லாவற்றையும் பென்சிலில்தான் எழுதுவேன், மறுநாள் காலை பேனாவில் படியெடுப்பேன். இன்று காலை எடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில், மார்ச் பதினேழு, நகராட்சிக் கமிஷனர் அதைப் படிப்பார். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் தலைவர் கையெழுத்திடுவார். அதற்குப் பிறகு அது கல்லில் வெட்டியது மாதிரி.

நான் யார் காதிலும் எதுவும் போடவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

மூணு வருஷம் கழிச்சு இந்த வார்த்தைய எழுதறேன். ரெண்டு தடவ அடிச்சு எழுதினேன். விரல் கட்டைப் பிரிச்சாச்சு, அதனால இல்ல.

உன் கடிதத்தைப் பட்டறை வாசல்ல நின்னே படிச்சேன். கடைசியில சொல்றேன்னு எழுதியிருந்தியா, நேரா கடைசிக்குத்தான் போனேன், மன்னிச்சுக்கோ. 'ஐந்து' பாத்ததும் நான் போட்ட சத்தத்துல ஃபோர்மேன் ஓடி வந்துட்டார், யாருக்கோ கை மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு. அப்புறம் உக்காந்து முதல்ல இருந்து படிச்சேன். வீட்டுல ரெண்டு தடவ உரக்கப் படிச்சோம். வாலு இப்ப சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி கை தூக்கறா. போதும்னு அர்த்தமாம்.

நீ எதுவும் பண்ணலைன்னு எழுதியிருக்க. சரி, நீ பண்ணல. நான் நம்பிட்டேன். என் வீட்டுக்காரி மட்டும் "அண்ணி ஏதோ பண்ணியிருக்காங்க, அவங்க சொல்லிக்க மாட்டாங்க"ங்கறா. நான் அவ வாயை அடைக்கல.

அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். 'அம்மாவைப் பாத்துக்கிட்டதுக்குக் கூலியா வீட்டை வாங்கிக்கிட்ட'ன்னு. நீ பேனாவுக்கு மூடி போட்ட. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நாலு வருஷம் அம்மாவைத் தூக்கி உக்கார வெச்சது நீ. நான் மாசம் ஒரு தடவ போன் பண்ணி 'எப்படி இருக்காங்க'ன்னு கேட்டவன். அந்த வார்த்தைய மினிட்ஸ்ல இருந்து எடுத்துடு.

மார்ச் பத்தாம் தேதி வேலைய விடறதா லெட்டர் குடுக்கப் போறேன். ஒரு மாச நோட்டீஸ். ஏப்ரல்ல அங்க இருப்போம். வாலுவுக்குப் பள்ளிக்கூடம் விசாரிச்சு வை. ஷெட் போடற வரைக்கும் வீட்டு முன்னறைல இருந்துக்கறோம், உனக்குச் சரின்னா. சரி இல்லன்னா வேன் இருக்கு, பூனையோட பேசிக்கறேன்.

உன் தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

முன்னறை எப்போதும் உன்னுடையதுதான். இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பள்ளிக்கூடம் விசாரித்தேன். ஜூனில் ஐந்தாம் வகுப்பில் இடம் இருக்கிறது. தலைமையாசிரியை நல்ல மாதிரி.

ஒரு வேண்டுகோள். பத்தாம் தேதி அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடாதே. பதினேழு தாண்டட்டும். மினிட்ஸ் படித்து ஒப்புக்கொள்ளப்படும் வரை எந்தத் தீர்மானமும் முழுத் தீர்மானம் ஆகாது. அலுவலக நடைமுறை அப்படி. வேறொன்றும் இல்லை.

எடுத்துவிடச் சொன்னாயே, அந்த வார்த்தை. மினிட்ஸில் இருந்து எதையும் எடுக்க முடியாது, தம்பி. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. திருத்தம் என்று கீழே எழுதி, தேதி போடலாம். நீ எழுதியிருப்பது அதுதான். நான் படித்தேன். நிறைய தடவை.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. பத்தாம் தேதி கொடுக்காதே.

அக்கா


மார்ச் 9

அக்கா,

என்ன ஆச்சு?

'வேறொன்றும் இல்லை'ன்னு நீ எழுதினா ஏதோ இருக்குன்னு அர்த்தம். சின்ன வயசுல என் சைக்கிளை இரவல் வாங்கிட்டுப் போய் பள்ளத்துல விட்டுட்டு வந்தப்பவும் இதேதான் சொன்ன. சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சிருந்துச்சு.

லெட்டர் எழுதி சட்டைப் பைல வெச்சிருக்கேன். நாளைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். நீ சொன்னதால குடுக்கல. நல்லா கேட்டுக்கோ, நீ சொன்ன ஒரே காரணத்துக்காக. ஆனா ஃபோர்மேன்கிட்ட வாய்விட்டுச் சொல்லியாச்சு. அந்த ஆள் என் மெஷினுக்கு வேற ஆளைப் பாக்க ஆரம்பிச்சுட்டார். பட்டறைல எல்லாரும் 'முதலாளி'ன்னு கூப்பிடறாங்க. முதல்ல சிரிச்சேன், இப்ப கேக்காத மாதிரி லேத்தை ஓட்டறேன்.

மருந்துக்கடைக்காரர் ஏதாவது குட்டையைக் குழப்பறாரா? பேனர் கோவமா? அப்படின்னா சொல்லு, புது பேனர் நானே கட்டித் தரேன். ரெண்டு வேனுக்கு நடுவுல.

விளையாட்டுக்குச் சொல்றேன். பயமா இருக்கு. நீ பாதியைச் சொல்லி மீதியை முழுங்கற ஆள். முழுங்காத. எனக்குச் சாதகமா நீ எழுதின ஒரே காகிதம் அது. அதுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கோ.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

மீதியைச் சொல்கிறேன்.

இந்த மாதம் இரண்டாம் தேதி ஸ்டேஷன் மாஸ்டர் தன் காருக்கு அனுமதிச் சீட்டு வாங்க என் மேஜைக்கு வந்தார். குடையை மேஜை ஓரத்தில் மாட்டிவிட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஃபேனைக் குறைக்கவே இல்லையேம்மா," என்றார். "என் பேப்பரெல்லாம் அந்தம்மா மடியில போய் உக்காந்துடுச்சு."

"மன்னிக்கணும் சார். கவனிக்கல."

"நான் கையைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். அந்தப் பேப்பரைப் பொறுக்கி அடுக்கறதுக்குள்ள எல்லைக்கோடு விஷயம் முடிஞ்சே போச்சாம். மறுநாள் பேப்பர்ல பாத்துத்தான் எனக்கே தெரியும். அதுக்கு எப்போம்மா கை தூக்கச் சொன்னாங்க?"

நான் அவருடைய சீட்டில் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, காரையும் அப்படியே நிறுத்திடறேன்," என்று சிரித்துக்கொண்டு போனார்.

புரிகிறதா? நான் எண்ணிய ஐந்தாவது கை, கோட்டுக்காகத் தூக்கியது இல்லை. ஃபேனுக்காகத் தூக்கியது. அதை எடுத்துவிட்டால் எட்டில் நான்கு; எங்கள் மன்றத்தில் தூக்காத கை எதிர்ப்பாகவே கணக்கு. நான்குக்கு நான்கு சமம் என்றால் முடிவு தலைவரம்மா கையில். அவர் வாய்க்காலோடு நிறுத்திவிடுவார்.

அவர் போன பிறகு பென்சில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஓட்டுக்கு ஒரு கோடு போடுவேன். நான்கு கோடு நேராக இருக்கிறது. ஐந்தாவது கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. என் கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

இரண்டு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்தேனா? அவர் ஓட்டுப் போடும்போது விரல்கள் நேராக நிற்கும். ஃபேனுக்குத் தூக்கும்போது உள்ளங்கை கீழே பார்த்து லேசாக ஆடும். ஆறு வருடம் பார்த்த கை. திரும்பாமலே சுவிட்சைத் தொடுகிற அளவுக்குத் தெரிந்த கை. காகிதம் பறந்ததை உனக்கு எழுதிய கடிதத்தில் நானே வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு "ஐந்து" என்றிருக்கிறேன். பொய் சொல்ல எனக்கு அரை நொடி போதாது. ஆனால் ஆசைப்பட அரை நொடி போதும் போலிருக்கிறது.

நீ எழுதியிருந்தாயே, என் எந்தக் காகிதமும் உனக்குச் சாதகமாக இருந்ததில்லை என்று. அன்று எண்ணும்போது அந்த வரி என் தலைக்குள் இருந்தது. உன்மேல் பழி போடவில்லை. எண்ணியது நான்.

சும்மா இருந்துவிடலாம் என்றும் யோசித்தேன். யாருக்கும் தெரியாது. ஐந்து பேர் யார் யார் என்று எங்கள் மன்றத்தில் யாரும் கேட்பதில்லை, எண்ணிக்கை மட்டும்தான் ஏட்டில் ஏறும். ஸ்டேஷன் மாஸ்டரே தான் தவறவிட்டதாக நினைக்கிறார். நான் பேசாமல் இருந்தால் ஏப்ரலில் நீ வருவாய், வாலு முன்னறையில் பாடப் புத்தகத்தை விரித்துப் போடுவாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உன் லேத் ஓடும். அந்தச் சத்தம் இங்கே கேட்குமா என்றுகூட ஒரு மாலை நடந்துபோய்ப் பார்த்தேன். கேட்காது. நிலத்தில் இடுப்பளவுக்குப் புல். நிற்க இடம் தேடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்னொரு ஆசையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டரிடமே கேட்டுவிடலாம் என்று. 'கேட்டிருந்தால் கை தூக்கியிருப்பீர்களா சார்?' ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் என் ஐந்து சரியாகிவிடும், நான் தூங்கலாம். போன வாரம் அவர் வீட்டுத் தெருமுனை வரை போனேன். திரும்பிவிட்டேன். எழுதுகிறவள் ஓட்டு கேட்டுப் போகக் கூடாது. அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்னும் தெரியாது. உன் பக்கமாகவும் இருக்கலாம்.

இந்த வீட்டில் ஒரு காகிதம் எழுதினேன். அதில் பிழை இல்லை, வார்த்தை சரி, அளவு சரி, நீ கையெழுத்தும் போட்டாய். ஆனால் அதை உன்னோடு உட்கார்ந்து பேசி எழுதவில்லை. முடித்து வைத்து நீட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று எழுத்துக்குள் புகுந்துகொண்டேன். நீ சொன்னது சரிதான், வசதியான வேலை. அந்தக் காகிதத்துக்கும் ஒரு திருத்தம் எழுத வேண்டியிருக்கலாம். அதை நான் தனியாக எழுத மாட்டேன். நீ வந்த பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதுவோம். மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்தாலும் நான்காவது நிமிடம் எழுந்துபோகாமல் இருப்போம்.

ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு அல்லவா? நம் வீட்டுச் சீட்டை உன் வேனுக்கு வாங்கிவிட்டேன். இன்று காலை கண்ணாடியைத் துடைத்து ஒட்டினேன். பூனை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. என் காரை அலுவலகத்துக்குப் பின்னால் நிறுத்திக்கொள்கிறேன், பத்து நிமிட நடைதான். கோடு எங்கே விழுந்தாலும் இந்த வாசலில் உன் வண்டிக்கு இடம் உண்டு. அதற்கு மன்றத்தின் முத்திரையே இருக்கிறது. நேராகத்தான் குத்தியிருக்கிறேன்.

உன் சட்டைப் பையில் இருக்கிற கடிதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. நிலம் வெளியே போய்விட்டால், வருவதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். நீ மறுபடியும் 'நகராட்சி அம்மையாருக்கு' என்று எழுத ஆரம்பித்தாலும் நான் பதில் எழுதுவேன்.

இப்போது மணி ஒன்பது. கூட்டம் மூன்று மணிக்கு. கமிஷனர் மினிட்ஸ் புத்தகத்தைத் திறப்பார். 'எல்லைக்கோடு, ஆதரவு ஐந்து' என்று என் கையெழுத்தைப் படிப்பார். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தலைவரம்மா வழக்கம்போல, பதிலுக்குக் காத்திருக்காமல், பேனாவைத் திறந்துகொண்டே கேட்பார். யாரும் பேச மாட்டார்கள். அப்போது நான் பேசப் போகிறேன். தவறாக எண்ணிவிட்டேன், மறுபடி எண்ண வேண்டும் என்று சொல்வேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என் தம்பிக்கு நிலம் இருக்கிறது என்பதையும் சொல்வேன், அவர்கள் கேட்பதற்கு முன்பே. விளக்கம் கேட்டு மெமோ வரும். மருந்துக்கடைக்காரருக்கு ஒரு வாரம் பேச விஷயம் கிடைக்கும்.

கமிஷனரிடம் சொல்லவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது ஒருவர் 'போகட்டும் விடும்மா' என்று அன்பாகச் சொல்லிவிடுவார், நானும் விட்டுவிடுவேன். உனக்கும் இதைக் கூட்டம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் தபாலில் போடுவேன். எத்தனை கை எழுந்தது என்பதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். நீ எப்படியும் கடைசிக்குத்தான் முதலில் போவாய்.

அந்த ஹாலில் எழுந்து நின்றால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முதலில் செய்ய வேண்டியதை மட்டும் யோசித்து வைத்திருக்கிறேன். பின்னால் கையை நீட்டி ஃபேனை நிறுத்துவேன். பிறகு அதே கையைத் தூக்குவேன்.

அக்கா